ரயில் படத்துக்கு நீ சொன்ன முடிவு

என் ஆசை அண்ணனே,

சுகமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. நான் சுகமில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நீ போனதிலிருந்து உன்னை நினைத்தால் அழுகைதான் வரும். போன மாதத்திலிருந்து ஆத்திரம் வருகிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜப்பான் ரயில் படத்தின் மிச்சப் பாதியைப் பார்த்துவிட்டேன். நீ சொன்ன முடிவு அதில் இல்லை.

வீட்டுச் சங்கதியைப் பத்திரிகையில் போட்டு ஊரறிய எழுதுகிறாளே என்று நினைக்காதே. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். வாசித்துக் காட்டக்கூடிய ஆள் வீட்டில் நான் ஒருத்திதான், நான் காட்டப் போவதில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முதலிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம் நம்முடையது. நம்முடையது என்றால் நம் பெயரில் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாம் அதில் கொழுந்து எடுக்கிறோம், அவ்வளவுதான். அப்பா நாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா மழையிலும் அட்டைக்கடியிலும் மலைக்குப் போய் நம் இரண்டு பேரையும் வளர்த்தாள். நீ சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்குப் போனாய். மற்றப் பிள்ளைகள் போல ஹோட்டலுக்கோ நகைக்கடைக்கோ போகாமல், சீடி வாடகைக்கு விடுகிற ஒரு கடையில் சேர்ந்தாய். கடையின் பின்னறையில் கம்ப்யூட்டரில் கேம் விளையாட வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வதும் உன் வேலை. "அங்க வர்ற பணக்காரப் பிள்ளைக, வீட்டுக்குப் போகவே மாட்டேங்குதுக" என்று சொல்லிச் சிரிப்பாய்.

தீபாவளிக்கு வராவிட்டாலும் மாசிக்கு வந்துவிடுவாய். காமன் கூத்தில் ரதி வேஷம் உனக்குத்தான். சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்துபோன மன்மதனுக்காக ரதி அழுது மன்றாடி, அவனை மூன்றாம் நாள் உயிரோடு எழுப்பிக் கொண்டுவருகிற கூத்து அது. சேலை கட்டி, பொட்டு வைத்து, காமன் பொட்டலில் நீ முட்டி போட்டு அழுதால் நம் பெரியம்மா மூக்கைச் சிந்துவாள். அம்மா அழமாட்டாள், உன் சேலை நழுவாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். மீசையை எடுக்க மட்டும் கடைசி நிமிடம் வரை அடம் பிடிப்பாய்.

அப்படி ஒரு மாசியில்தான் அந்தப் படத்தைக் கொண்டுவந்தாய். நாட்டில் சண்டை ஓய்ந்து, ரோட்டில் செக் பொயின்ட்டெல்லாம் எடுத்திருந்த காலம். காமன் கம்பை ஊன்றியாகிவிட்டது, எரிப்பதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், வரிசை வீட்டு லயமே வந்து உட்கார்ந்தது. இடம் கிடைக்காதவர்கள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். படம் ஜப்பான் பாஷை, கீழே ஓடுகிற எழுத்து இங்கிலீஷ். நீ டீவிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கதை சொன்னாய்.

கடலோரத்தில் மழை விடாத ஒரு ஊர். மீன் தகரத்தில் அடைக்கிற பெக்டரியில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வேலை செய்கிறார்கள். புருஷன் வேலை விட்டு வந்ததும் தலையில் வயர் வைத்த ஒரு பட்டியை மாட்டிக்கொண்டு படுத்துவிடுவான்.

"அந்தப் பட்டிய மாட்டிக்கிட்டா ஆளு கேமுக்குள்ள போயிருவான். ஒடம்பு மட்டும் வீட்டுல கெடக்கும்" என்றாய்.

"கூடைக் கவுறு மாதிரியில்ல நெத்தியில மாட்டியிருக்கான்" என்றாள், தினமும் கொழுந்துக் கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டுகிற பெரியம்மா.

"உள்ள போனா பேரு போடுவாங்களாப்பா?" என்று இஸ்தோப்பிலிருந்து யாரோ கேட்டார்கள். அதற்கும் நாள் சம்பளம் உண்டா என்று அர்த்தம். காம்பரா முழுக்கச் சிரிப்பு.

அந்த கேம் ஒரு ரயில். முடிவே இல்லாத ரயில். விளையாடுகிறவர்கள் எல்லாரும் பயணிகள். ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி, சொன்ன காரியத்தை முடித்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். ஒரு நாள் அந்தப் புருஷன் எழுந்திருக்கவில்லை. மூச்சு இருக்கிறது, ஆள் இல்லை. பட்டியைக் கழற்றினால் என்ன ஆகுமோ என்று டாக்டர்களே பயப்படுகிறார்கள். பெண்சாதி இன்னொரு பட்டியை மாட்டிக்கொண்டு அவனைத் தேடி ரயில் ஏறுகிறாள். எத்தனையோ ஸ்டேஷன் தாண்டி, புல் முளைத்த ஒரு சின்ன ஸ்டேஷனில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். அங்கே அவன் கொடி காட்டுகிற வேலையில் இருக்கிறான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு பயணி என்று நினைத்துப் பச்சைக்கொடியை ஆட்டுகிறான். அதோடு முதல் டிஸ்க் முடிந்தது.

அம்மா அந்த இடத்தில் அழுதாள். உன் ரதிக்கு அழாதவள், அந்த ஜப்பான்காரிக்கு அழுதாள்.

"ரெண்டாவது டிஸ்க்க போடுடா" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நீ டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "கீறல் விழுந்திருக்கு, ஓடாது" என்றாய்.

"அப்ப அவன் எந்திரிச்சானா இல்லையா? அதச் சொல்லு" என்றாள் பெரியம்மா.

நீ சுற்றிப் பார்த்தாய். அம்மாவையும் பார்த்தாய். பிறகு முக்காலியிலிருந்து எழுந்து நின்று, கூத்தில் நிற்பதுபோல நின்று, சொன்னாய். "அவ திரும்பி வந்து, அவன் தலையில இருந்து பட்டியக் கழட்டுறா. கழட்டிட்டு, அவளுக்கு மட்டும் தெரிஞ்ச பேரு ஒண்ணு இருக்கு, அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுறா. அங்க ஸ்டேஷன்ல நிக்கிறவனுக்குக் காதுல விழுகுது. கொடியத் தூக்கிப் போட்டுட்டுத் தண்டவாளத்துல ஓடி வர்றான் பாரு! இங்க கட்டில்ல கண்ணு முழிச்சிட்டான்."

லயமே கைதட்டியது. மாசி மாதத்தில், காமனை ஊன்றி வைத்துவிட்டு, செத்தவன் எழுந்திருக்கவில்லை என்று எங்களிடம் யார் சொல்ல முடியும்? ரதி கூப்பிட்டால் மன்மதன் வந்தாக வேண்டும். நீ ரதியைத் தூக்கி ஜப்பான் படத்தில் வைத்துவிட்டாய். இப்போதுதான் அது புரிகிறது. அன்றைக்கு நானும் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொல்வாள். ஆற்றில் துணி துவைக்கும்போது சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு, "எம்புள்ள இங்கிலீசு வாசிச்சுச் சொன்னான்" என்று மறக்காமல் சேர்த்துக்கொள்வாள்.

இனி எழுதப் போவதை எழுதாமல் இருக்க முடிந்தால் இருந்திருப்பேன். சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. நீ வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வேன் கினிகத்தேனைக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் உருண்டது. உன்னைக் கீழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். வழியில் செக் பொயின்ட்டில் ஆமிக்காரர்கள் இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "புதா, புதா" என்று மட்டும் சொன்னாள். மகன் என்று அர்த்தம். அவர்களுக்கும் அது போதுமாக இருந்தது, விட்டுவிட்டார்கள்.

நீ தலையில் கட்டோடு, வாயில் குழாயோடு, சுற்றிலும் வயரோடு கிடந்தாய். நெஞ்சு ஏறி இறங்கியது. அம்மா உன்னைப் பார்த்த பார்வையில் பயம் இல்லை, அண்ணே. எனக்கு அது அப்போது விளங்கவில்லை. தைரியமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் உன்னை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், நம் காம்பராவில், டீவியில்.

சில நாள் கழித்து ஒரு டாக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தமிழில் பேச ஒருவர் கிடைத்ததே என்று எனக்கு அழுகை வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர்தான் நிற்கலாம் என்பதால் நான் கதவடியில் நின்றேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, மகன்ர மூளை வேலை செய்யேல்லை. இனிச் செய்யாது. இந்த மெஷின்தான் மூச்சு விடுது. இதைக் கழட்டலாமோ எண்டு உங்களிட்டைக் கேக்கிறம்."

அம்மா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "கழட்டிட்டு நான் கூப்பிடலாங்களா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓம் அம்மா, கூப்பிடுங்கோ. கையைப் பிடிச்சுக்கொண்டு கூப்பிடுங்கோ" என்றார். தாய் கடைசியாக ஒரு தடவை பிள்ளையைக் கூப்பிட ஆசைப்படுகிறாள் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

"அப்ப கழட்டுங்க" என்றாள் அம்மா.

கழற்றினார்கள். அம்மா குனிந்து உன் காதில் ஏதோ சொன்னது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உனக்கும் கேட்கவில்லை.

உன்னைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, தப்படித்து, மேலே மயானத்தில் புதைத்தோம். அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனபோதுதான் அது நடந்தது. பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "குப்பா!" என்று கத்தினாள். உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, உன்னைப் பிறந்த அன்றே குப்பையில் போட்டு எடுத்து வைத்த பெயர். சாவுக்குப் பிடிக்காத பெயர் என்பார்கள். பள்ளிக்கூடம் போனதும் யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று நீ சண்டை போட்டாய். அந்தப் பெயரைச் சொல்லி அம்மா தொண்டை கிழியக் கத்தினாள், திரும்பத் திரும்பக் கத்தினாள். எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு என்னிடம் சொன்னாள். "அன்னைக்கே இப்படிக் கூப்பிட்டிருக்கணும்டி. சுத்திவர ஆமிக்காரப் பொடியனுக அடிபட்டுப் படுத்திருந்தானுக. வாசல்ல துவக்கோட ஒருத்தன் நின்னான். தமிழ்ல கத்துனா என்னமும் நெனச்சுக்குவாங்களோன்னு காதோட கூப்பிட்டேன். ஸ்டேஷன் எங்கேயோ இருக்கு, அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கேக்கும்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அம்மா உன்னை அனுப்பிவைக்கக் கழற்றச் சொல்லவில்லை. எழுப்பக் கழற்றச் சொன்னாள்.

லயத்தில் பேச்சு எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியாததா? "பெத்த புள்ள மூச்சையே நிறுத்தச் சொன்னவ" என்று பெரியம்மாவே கருமாதியில் சொன்னாள். உன் ரதிக்கு மூக்கைச் சிந்தினவள்தான். அந்தப் பேச்சு அவளைச் சுடவே இல்லை, அண்ணே. கழற்றச் சொன்னது தப்பு என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. மெதுவாகக் கூப்பிட்டதுதான் அவளைத் தின்கிறது. காமன் பொட்டலுக்கு இப்போது போவதில்லை. காமனை எழுப்புகிற அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். தப்பு மேளச் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வாள்.

இப்போதைய நிலவரம் கேள். சண்டை முடிந்துவிட்டது என்று டீவியில் சொன்னார்கள். கினிகத்தேனை ரோட்டில் வேலை நடக்கிறது, அகலமாக்கப் போகிறார்களாம். உனக்கு உதவாத அகலம். அம்மா பென்ஷன் வயதுக்கு வந்தும் கைக்காசுக்கு மலைக்குப் போகிறாள். நான் ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, டெலிபோன் கோல், இன்டர்நெட். பின்னறையில் கேம் விளையாடப் பிள்ளைகள் வருகிறார்கள். முதலாளி அவர்களைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார், முடியாது என்றேன்.

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிஸ்க் விரித்து வைத்திருந்தவனிடம் அந்தப் படம் கிடந்தது. அட்டையில் அதே பெண், நெற்றியில் பட்டி, பின்னால் ரயில். வாங்கிக்கொண்டு வந்து கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன். எனக்கு இப்போது கீழே ஓடுகிற இங்கிலீஷ் தட்டுத்தடுமாறியாவது விளங்கும்.

அவள் அவனை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறாள். தன் பட்டியைக் கழற்றுகிறாள். ரொம்ப நேரம் அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பிறகு அவன் பட்டியையும் கழற்றுகிறாள். கூப்பிடவில்லை. பெயர் எதுவும் இல்லை. பட்டி அழுத்தி நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடியைக் கோதிவிடுகிறாள். அவன் மூச்சு நிற்கிறது. வெளியே மழை பெய்கிறது. அவ்வளவுதான் படம்.

நீ அந்தக் கடையில் இருந்தவன். வாடகைக்குப் போகிற ஒவ்வொரு படத்தையும் போட்டுப் பார்த்துத்தான் கொடுப்பாய் என்று நீயே பீற்றிக்கொண்டிருக்கிறாய். முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். டிஸ்க்கில் கீறல் இருந்ததா என்றுகூட இப்போது எனக்குச் சந்தேகம். அம்மா அழுததைப் பார்த்துத்தானே மாற்றினாய்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடலாம் என்றுதானே? நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தை அவள் ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாளே, அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. உண்மையான முடிவை அம்மாவுக்குக் காட்டிவிட்டால் போதும். கூப்பிட்டு எழுந்திருக்கிற கதையே இல்லை என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டிருந்தாலும் நீ வந்திருக்கமாட்டாய் என்று அவளுக்கு விளங்கிவிடும். அவள் மேல் பழி இல்லை. இனிக் காதைப் பொத்த வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம்.

போன ஞாயிறு வீட்டில் போட்டேன். உன் இடத்தில், டீவிக்குப் பக்கத்தில், நான் உட்கார்ந்து கதை சொன்னேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் பார்த்தாள். முதல் பாதி முழுக்க அவளுக்கு ஞாபகம் இருந்தது. "இப்ப அவ ரயில்ல ஏறுவா பாரு" என்று எனக்கே சொன்னாள். அவன் பச்சைக்கொடி ஆட்டியபோது மறுபடி அழுதாள். அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்துச் சொன்னேன். அவள் பட்டியைக் கழற்றினாள், முடியைக் கோதினாள், மழை பெய்தது, எழுத்து ஓடி முடிந்தது.

அம்மா எழுந்துபோய் அடுப்பில் கேத்தலை வைத்தாள். தேயிலை போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, முதுகைக் காட்டிக்கொண்டே, "இது வேற படம்" என்றாள்.

"அதே படம்தாம்மா. அதே பொம்பள, அதே ரயிலு. இப்பத்தானே நீயே சொன்ன, ரயில்ல ஏறுவான்னு."

"சப்பான்காரங்க மூஞ்சி எல்லாம் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். எம்புள்ள கொண்டாந்த படத்துல அவன் எந்திரிச்சான்."

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணன் பொய் சொல்லிருச்சும்மா! நீ அழுவுறன்னு மாத்திச் சொல்லிருச்சு. அவன் எந்திரிக்கவே இல்ல. நீ மலையே அதிரக் கத்தியிருந்தாலும் அண்ணன் எந்திரிச்சிருக்காது. ஒம்மேல ஒரு தப்பும் இல்லம்மா!"

திரும்பினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. இரண்டு கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றி ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

"எம்புள்ள எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான்டி" என்றாள். "அவன் சரியாத்தான் சொல்லிட்டுப் போனான். நாந்தான் சத்தமாக் கூப்பிடல."

அவள் தப்பித்துக்கொள்ள நான் கதவைத் திறந்து வைத்தேன், அண்ணே. வெளியே வர ஒரே ஒரு காரியம்தான் செய்ய வேண்டியிருந்தது, உன்னைப் பொய்க்காரன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். உன் மேல் ஒரு சொல் விழுவதைவிட, தன் பிள்ளையைக் கூப்பிடத் தெரியாமல் சாகக் கொடுத்தவள் என்று சாகிறவரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த டிஸ்க்கை இனிப் போடமாட்டேன். அம்மா கேட்டால், ஆமாம்மா, அது வேற படம்தான் என்று சொல்லிவிடுவேன். அவள் இருக்கும்வரை இந்த வீட்டில் உன்னைப் பற்றி ஒரு குறையும் என் வாயிலிருந்து வராது. உன்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதை அவளுக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

உன் பொய்யையும் உன் அம்மாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
மல்லிகா